பேசாத பிள்ளைக்கும் பரீட்சை உண்டு

(மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்காக நமது டிரஸ்ட் மதரஸா ஹாலில் நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால் யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இது அவர்களுடைய கூட்டம். நான் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்கிறேன்.

முதலில் என்னிடம் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச எனக்குத் தகுதி இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் தன் ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். அப்போது அலுவலகம் மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. மூச்சு வாங்க நின்று, "காக்கா, புள்ளைய மக்தபுல ஓதப் போடணும்" என்றார். பிள்ளைக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கழுத்து சரியாக நிற்கவில்லை. இரண்டு கைகளும் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தன. பேச்சு இல்லை. அந்தப் பிள்ளையை நான் அரை நிமிடம் பார்த்திருப்பேன். "இந்தப் பிள்ளைக்கு ஓதுறது கடமையில்லை தம்பி. அல்லாஹ் கேள்வி கேட்க மாட்டான். நீங்க ஏன் சிரமப்படுறீங்க?" என்று சொல்லி, ரமலானுக்காகக் கட்டி வைத்திருந்த அரிசிப் பைகளில் ஒன்றைக் கொடுத்தேன். ஜஸாக்கல்லாஹு கைரன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் அரிசி.

அன்றைக்கு நான் நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

மதரஸாவில் ஓதியவன் நான். மார்க்கக் கடமை ஒருவர் மீது வருவதற்குப் பருவமும் புத்தியும் நிபந்தனை என்பது முதல் ஜும்ராவிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். கையும் வாயும் வேலை செய்வது நிபந்தனை என்று எந்தக் கிதாபிலும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்தி இல்லை என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன்? மடங்கிய கையை வைத்து. வடிகிற எச்சிலை வைத்து. ஒரு கேள்விகூட அவளிடம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வாங்க எனக்கு வழி தெரியாது. பதில் வாங்கத் தெரியாதது என் இயலாமை. அதை அவளுடைய இயலாமையாக எழுதி விட்டேன்.

இது சின்ன விஷயமில்லை. இன்னும் ஓரிரு வருடத்தில் அந்தப் பிள்ளை பருவமடைவாள். புத்தி உள்ளவள் என்றால் தொழுகை அவள் மீது கடமை. கற்றுக் கொடுப்பது பெற்றோர் மீது கடமை. நாளை சொத்து பிரிக்கும்போது அவள் கருத்தைக் கேட்க வேண்டும். "கடமையில்லை" என்ற என் ஒரு வார்த்தை இத்தனையையும் அடைத்துவிட்டது.

நம் ஃபிக்ஹு இந்த விஷயத்தில் எவ்வளவு விசாலமானது என்று பாருங்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்த சட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் குனிய முடியாதவர் தலையால் சைகை செய்வார். தலையும் அசையாதவர்? இங்கே ஹனஃபி மத்ஹபில் ஒரு சட்டம், ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு சட்டம். ஷாஃபிஈ கிதாபுகளில், அவர் கண்ணிமையால் சைகை செய்து தொழ வேண்டும் என்று இருக்கிறது. கண்ணிமை! தொழுகை அப்படியே இருக்கிறது, அதை நிறைவேற்றும் உறுப்பு மட்டும் மாறுகிறது. அதேபோல, வாய் பேச முடியாதவரின் விளங்கத்தக்க சைகை சொல்லுக்குச் சமம். அவர் தலையசைத்து நிக்காஹ்வை ஏற்றால் நிக்காஹ் செல்லும். வியாபாரம் பேசினால் செல்லும்.

நிக்காஹ்வுக்குச் செல்லுகிற சைகை, மக்தபில் அலிஃப் எது, பா எது என்று காட்டுவதற்குச் செல்லாதா? பள்ளிக்கூடத்தில் ஏழும் ஐந்தும் எத்தனை என்று சொல்வதற்குச் செல்லாதா? நம் பரீட்சைகள் எல்லாம் வாயால் ஒப்பி, கையால் எழுத வேண்டியவை. இரண்டும் முடியாத பிள்ளைக்குப் பூஜ்யம் போடுகிறோம். அந்தப் பூஜ்யம் கைக்கும் வாய்க்கும் போட்டது. அறிவுக்கு இன்னும் பரீட்சையே நடக்கவில்லை.

சரி, பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பதிவேட்டில் வீட்டுவழிக் கல்வியில் இருக்கிறாள். வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். முஸ்லிம் அல்லாத சகோதரி. போன வருடம் ஷவ்வால் மாதம் அவர் தன் டேப்லெட்டில் நான்கு படம் வைத்து, 'பூனையைக் காட்டு' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளை மடங்கிய கையின் விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சரியாகக் காட்டியிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய தம்பி அலிஃப் பா ஓதிக்கொண்டிருந்தான். அவன் ஜீமைத் தவறாகக் காட்டியபோது இவள் சத்தம் போட்டிருக்கிறாள். அந்த ஆசிரியைக்கு அரபி தெரியாது. ஆனால் பிள்ளை எதற்கோ மறுப்பு சொல்கிறாள் என்று மட்டும் கவனித்தார். உம்மாவிடம் கேட்டு, நான்கு அரபு எழுத்துகளைப் படமாக ஏற்றி, அடுத்த வாரம் வந்து கேட்டார். சரியாகக் காட்டினாள்.

செய்தி என்னிடம் வந்தது. நான் நம்பவில்லை. நம் உஸ்தாதும் நம்பவில்லை. "பெத்தவ பக்கத்துல இருந்து கண்ணைக் காட்டியிருப்பா" என்றார். அதில் தவறில்லை. அப்படிச் சந்தேகப்படுவது பரீட்சை வைப்பவரின் கடமை. ஆகவே உஸ்தாதே நேரில் போனார், நானும் கூடப் போனேன். உம்மாவைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டோம். திரையில் இரண்டே கட்டம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. உஸ்தாத் ஃபீல் சூராவை ஓதினார். பச்சை. மறுபடி ஓதும்போது நடுவில் ஓர் ஆயத்தை விட்டுவிட்டு ஓதினார். அவர் அடுத்த ஆயத்தை முடிக்கும் முன் முட்டி சிவப்பில் விழுந்தது.

உஸ்தாத் அதோடு விடவில்லை. "என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றார். வெளியே போய், சரியாகச் சிலவும் தவறாகச் சிலவுமாகச் சின்னச் சூராக்களைத் தன் போனில் ஓதிப் பதிவு செய்து, வரிசையைக் கலைத்து என்னிடம் கொடுத்தார். எது எந்த வரிசையில் வரும் என்பது எனக்கே தெரியாது. பத்துப் பதிவு. பத்தில் ஒன்பது சரி. தவறிய ஒன்று ஒரு மத்து நீளம் சம்பந்தப்பட்டது, அது எனக்கும் பிடிபடவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடமாக இரண்டு தம்பிகளை உம்மா ஓத வைப்பதை மூலையில் படுத்துக் கேட்டே அந்தப் பிள்ளை பதினோரு சூரா மனனம் செய்திருக்கிறாள். வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கட்டம் வைத்துக் கேட்டால், ஒன்றும் தெரியாத பிள்ளையும் கண்ணை மூடித் தட்டினால் பத்தில் ஐந்து சரியாக வரும். ஆகவே ஐந்து, ஆறு வந்தால் 'மாஷா அல்லாஹ், தெரிகிறது' என்று சொல்லிவிடக் கூடாது. பத்தில் ஒன்பதோ பத்தோ குருட்டாம்போக்கில் விழ நூற்றில் ஒரு வாய்ப்புதான். நான்கு கட்டம் வைத்தால் குருட்டு அடியில் இரண்டு மூன்றுதான் விழும். ஒரே நாள் கேட்டு முடிவு கட்டவும் கூடாது. சரியான விடையை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கை வலது பக்கம்தான் எட்டும். விடை வலது பக்கம் இருக்கும்போதெல்லாம் மேதை, இடது பக்கம் இருக்கும்போதெல்லாம் மக்கு என்று ஆகிவிடும். சில பிள்ளைகளுக்குப் பார்வையில் பாதிப் பக்கம் தெரியாது. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பதும் முக்கியம். நாம் கேள்வி கேட்டு மூன்று விநாடியில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை மனதில் விடையை எடுத்து, கைக்கு உத்தரவு போட்டு, அந்தக் கை கீழ்ப்படிவதற்குள் இருபது விநாடி ஆகலாம். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். வாயைத் திறக்காதீர்கள். நம்மில் பலருக்கு அதுதான் பெரிய பரீட்சை.

இனி கருவிகளைப் பற்றி. 'கம்ப்யூட்டர்' என்றதும் லட்சக்கணக்கில் செலவு என்று பயப்பட வேண்டாம். ஸ்டீபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசிக் காலத்தில் அவர் உடம்பில் கன்னத் தசை ஒன்றுதான் அவர் சொல்படி கேட்டது. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சின்ன உணரி அந்த அசைவைப் பிடிக்கும். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய இடம் வந்ததும் கன்னத்தை அசைப்பார். அப்படியே புத்தகங்கள் எழுதினார், உரை நிகழ்த்தினார். அன்று அவருக்கென்று தனியாகச் செய்து கொடுத்த அந்த முறை இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே 'சுவிட்ச் ஆக்ஸஸ்' என்ற பெயரில் இருக்கிறது. செட்டிங்ஸில் போய்த் திறந்தால் போதும். ஒளிக்கட்டம் தானாக நகரும். பிள்ளை ஒரு சுவிட்சைத் தட்டினால் அந்த இடம் தேர்வாகும். தட்டக் கையில்லாவிட்டால், 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் போனின் கேமராவே முகத்தைப் பார்த்துக்கொள்கிறது. புருவத்தை உயர்த்தினாலோ, வாயைத் திறந்தாலோ, சிரித்தாலோ அதைச் சுவிட்ச் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஷாஃபிஈ இமாம்கள் கண்ணிமை வரை போனார்கள் என்று சொன்னேனே, போன்காரன் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு நண்பர்கள் 2006-ல் தொடங்கியது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், தமிழும் படிக்கும். இலவசம். பேச முடியாத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஆவாஸ் நம் சென்னையிலேயே உருவானது.

கை நடுங்கி நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் தொட்டுவிடும் பிள்ளைக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். கடைவீதியில் போர்டு செய்யும் கடையில் கொடுத்து, டேப்லெட் அளவுக்கு அக்ரிலிக் ஷீட் வெட்டி, கட்டத்துக்கு ஒன்றாக ஓட்டை போட்டு வாங்கினோம். அதைத் திரை மேல் வைத்துக் கட்டிவிட்டால் விரல் ஓட்டைக்குள் இறங்கினால்தான் தொடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பல ஆயிரம் ஆகியிருக்கும். கடைக்கார சகோதரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பக்தாதில் சுமார் 700 வருடங்களுக்கு முன் ஜைனுத்தீன் ஆமிதீ என்ற பார்வையற்ற ஆலிம் இருந்தார். புத்தக வியாபாரமும் செய்தார். காகிதத்தை மெல்லிய திரியாக முறுக்கி, எழுத்து வடிவில் வளைத்து, புத்தக அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்வாராம். தடவிப் பார்த்து விலையைச் சொல்லிவிடுவார். பிரெயில் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன். ஆகவே இதெல்லாம் நமக்குப் புதியது இல்லை.

கருவியை விட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். இதைச் சொல்வது எனக்குக் கஷ்டம், சில தாய்மார்களுக்குக் கேட்பதும் கஷ்டம்.

இன்னொரு குடும்பம். பதினோரு வயதுப் பையன். பேச்சில்லை. உம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், அவன் விரல் விசைப்பலகையில் ஓடும். 'உம்மா உங்களை நேசிக்கிறேன்', 'நான் டாக்டராக வேண்டும்' என்றெல்லாம் எழுத்து வரும். சொந்தக்காரர்கள் பார்த்து அழுதார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றியது. நம் சிறப்பாசிரியை போய், உம்மா கையை எடுத்த பிறகு கேட்டுப் பார்த்தார். அக்ரிலிக் தட்டு வைத்தார், சுவிட்ச் வைத்தார், ஐந்து நாள் வேறு வேறு நேரத்தில் போனார். எழுத்து வரவில்லை. ஒரு எழுத்துகூட அடையாளம் தெரியவில்லை. நிறத்துக்கு நிறம் சேர்க்கத் தெரிந்தது. இரண்டு பொருளில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த உம்மா பொய் சொல்லவில்லை. அல்லாஹ் அறிவான், தன் கைதான் எழுதுகிறது என்று அவருக்கே தெரியாது. 1990களில் அமெரிக்காவில் இதே முறை பரவியது. அப்போது ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம், ஒருவருக்குக் காட்டியது மற்றவருக்குத் தெரியாது. எழுத்தில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். திரும்பத் திரும்பச் செய்தும் அப்படித்தான். கை பிடித்தவர்களே அதிர்ந்து போனார்கள்.

அந்த உம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சிறப்பாசிரியையும் என் வீட்டாரும் போய்ச் சொன்னார்கள். இரண்டு மாதம் அவர் எங்களோடு பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. இல்லாத ஒரு மகனை நாங்கள் அவரிடமிருந்து பறித்துவிட்டோம். ஆனால் இருக்கிற மகன் அங்கே நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாம் தெரியும் என்று நினைத்ததால். பிறகு நிறம் சேர்ப்பதிலிருந்து தொடங்கினோம். இன்று திரையில் நான்கு படம் அவனுடையது: தண்ணீர், சோறு, பாத்ரூம், 'போதும்'. 'போதும்' என்பதைத்தான் அதிகம் அழுத்துகிறான். அதற்கு முன் தன்னைத் தானே கடித்துக்கொள்வான். இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த உம்மா இன்று இங்கே வந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே தாய்மார்களே, பதில் பிள்ளையின் அமானிதம். நாம் அதில் கை வைக்கக் கூடாது. குறைத்தும் சொல்லக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது. நான் செய்தது குறைத்தது. பாசத்தில் சிலர் செய்வது கூட்டியது. இரண்டிலும் பிள்ளையின் குரல் கேட்கவில்லை.

மேல்நாட்டில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் எனக்கு எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில், அறிவு வளர்ச்சியில் கடுமையான குறைபாடு உள்ள மாணவர்களுக்கென்றே கணினி வழித் தேர்வு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். 'டைனமிக் லேர்னிங் மேப்ஸ்' என்று பெயர். பல மாநிலங்கள் பயன்படுத்துகின்றன. மூன்று மணி நேரப் பரீட்சை இல்லை. சில கேள்விகள் மட்டும் உள்ள சின்னச் சின்னத் துண்டுகள். பிள்ளை தானாகத் திரையைத் தொட முடியாவிட்டால், கண்ணால் பார்த்தோ விரலால் சுட்டியோ காட்டும் விடையை ஆசிரியர் பதிவு செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மொழியிலும் கணக்கிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து படி வைத்திருக்கிறார்கள். மேல் படியில் நிற்காத பிள்ளை கீழ் எந்தப் படியில் நிற்கிறது என்று தேடுகிறார்கள். நிறம் சேர்க்கத் தெரிந்த அந்தப் பையனுக்கு அங்கே ஒரு படி கிடைக்கும். நம் முறையில் பாஸ், ஃபெயில் இரண்டுதான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை நம் மாநிலப் பொதுத் தேர்வில் பல வருடங்களாகவே உண்டு. சிபிஎஸ்இ 2018 முதல், சிறப்புத் தேவையுள்ள மாணவர் தன் கணினியில் விடையைத் தட்டச்சு செய்யவும், கேள்வியைப் பெரிய எழுத்தில் பார்க்கவும், காதால் கேட்கவும் அனுமதிக்கிறது. மருத்துவர் பரிந்துரை வேண்டும், கணினியில் எதுவும் சேமித்திருக்கக் கூடாது, இணையம் கிடையாது. நியாயமான நிபந்தனைகள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு மாணவருக்காக 2021-ல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதச் சான்று இல்லை என்பதற்காகச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தும் நடைமுறையில் என்ன ஆகிறது? நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பக்கம் ஆபத்தாகிறது. பரீட்சையே வைக்காமல் பாஸ் போட்டு எட்டு வரை தள்ளிவிடலாம். ஒரு தலைமையாசிரியர் என்னிடம் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "பாவம் சார், பாஸ் போட்டுடறோம், விட்டுடுங்க." நான் அரிசிப் பை கொடுத்ததும் அவர் பாஸ் போடுவதும் ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்புச் சலுகைக்கு மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதோடு, பிள்ளை எந்த முறையில் விடை தருகிறது என்பது சின்ன வகுப்பிலிருந்தே பழகியிருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் புதிய சுவிட்சைக் கையில் கொடுத்து 'அழுத்து' என்றால் எந்தப் பிள்ளையாலும் முடியாது.

இனி நாம் செய்யப் போவது. இரண்டு டேப்லெட்டும், இரண்டு சுவிட்சும், சக்கர நாற்காலியில் மாட்டும் பிடியும் டிரஸ்ட் வாங்கியிருக்கிறது. இதற்கு ஜகாத் பணத்தைத் தொடவில்லை. சிலர் கேட்டார்கள், அதனால் விளக்குகிறேன். ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். ஜகாத் என்றால் தகுதியுள்ளவருக்கு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். டிரஸ்ட் வைத்துக்கொண்டு பலருக்கும் பயன்படுத்தும் பொருளுக்கு அது ஆகாது. ஆகவே பொதுச் சாமான்கள் சதக்கா நிதியிலிருந்து வாங்கப்பட்டன. ஒரு பிள்ளைக்கு இந்தக் கருவி உண்மையிலேயே உதவுகிறது என்று தெரிந்து, அந்தக் குடும்பம் ஜகாத் பெறத் தகுதியானதாகவும் இருந்தால், அந்தப் பிள்ளைக்கே சொந்தமாக ஜகாத் நிதியிலிருந்து வாங்கிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். பிறகு அது அவர்கள் பொருள். டிரஸ்ட் பெயர் அதில் ஒட்டப்படாது. போட்டோவும் எடுக்க மாட்டோம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்குப் பின் இதே கீழ்த்தள ஹாலில் சிறப்பாசிரியை இருப்பார். மாடிக்கு யாரும் ஏற வேண்டாம், அலுவலகத்தையே கீழே இறக்கிவிட்டோம். வாசலில் சாய்தளம் போட்டாயிற்று. வரும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சீட்டுகள் கொண்டு வாருங்கள். அட்டை இன்னும் வாங்காதவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நம் அலுவலக உதவியாளர் கூட வருவார். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு உள்ள பிள்ளைகளை முழுமையாகப் பரிசோதிக்க முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே போக வேண்டியவர்களுக்கு வண்டிச் செலவு டிரஸ்ட் கொடுக்கும். இன்னொன்றும் கொண்டு வர வேண்டும். பிள்ளை வீட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். கண் சிமிட்டுகிறதா, நாக்கை நீட்டுகிறதா, காலை உதைக்கிறதா என்று எழுதுங்கள். டாக்டர் சீட்டை விட எங்களுக்கு அதுதான் உதவும்.

பரீட்சை நடக்கும்போது உம்மாவும் வாப்பாவும் வெளியே இருக்க வேண்டியிருக்கும். வருத்தப்பட வேண்டாம். பிள்ளை அழுதால் கூப்பிடுவோம்.

அந்தப் பெண் பிள்ளை வருகிற ஷஅபானில் மக்தப் ஆண்டுப் பரீட்சை எழுதுகிறாள். 'எழுதுகிறாள்' என்றுதான் உஸ்தாத் பதிவேட்டில் குறித்திருக்கிறார். கேள்வித்தாளை டேப்லெட்டில் ஏற்றியாயிற்று. போன வாரம் அவள் வாப்பாவிடம் போய் மாஃப் கேட்டேன். அரிசிப் பை விஷயத்தை அவர் மறந்தே போயிருந்தார், அல்லது மறந்ததாகச் சொன்னார். அவருக்கு இப்போது கவலை வேறு. "காக்கா, தப்பா அழுத்துனா மார்க் குறைப்பீங்களா?" என்று கேட்டார்.

"குறைப்போம் தம்பி" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் மேசையில் இரண்டு டேப்லெட்டும் தயாராக இருக்கின்றன. மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து வாருங்கள், அவசரம் வேண்டாம். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.